வெள்ளம் கேட்டால் வெள்ளமா வரும்? ‘ஃபர்ரி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு பதில்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. சுருக்கித் தருகிறேன்.

“என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நன்றாகப் படம் வரைவாள். நரிக்குச் சட்டை போடுவாள், ஓநாய்க்குக் கண்ணாடி மாட்டுவாள், எல்லாம் அந்த மாதிரிதான். இன்ஸ்டாகிராமில் தன் பெயருக்குக் கீழே ‘ஃபர்ரி ஆர்ட்டிஸ்ட்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். துபாயில் இருக்கிற என் கொழுந்தன் மகன் அதைப் பார்த்துவிட்டு, ‘இது மனநோய், இவர்கள் தங்களை மிருகம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள், அமெரிக்காவில் பள்ளிக்கூடத்திலேயே இவர்களுக்குப் பூனை மண் தொட்டி வைக்கிறார்கள்’ என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். வீட்டில் நிம்மதி போச்சு. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தால் ‘உரோமம் நிறைந்த’ என்று வருகிறது. இது நோயா, மதமா, கெட்ட சகவாசமா? வரைவதை நிறுத்தச் சொல்லவா?”

அக்கா, நோய் இல்லை, மதமும் இல்லை. வரைவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். சகவாசத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தக்கலைக்காரன். பத்து வருடத்துக்கு மேலாக வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆட்களுக்குப் படம் வரைந்து பிழைக்கிறேன். என்னிடம் படம் வாங்குகிறவர்களில் பாதிப் பேராவது தங்களை ஃபர்ரி என்று சொல்லிக்கொள்கிறவர்கள். நான் ஃபர்ரி இல்லை. ஆனால் அவர்களோடு தினமும் பேசுகிறேன், அவர்கள் காசில்தான் வீட்டுக்கு மாடி கட்டினேன்.

சென்னையில் காலேஜில் சேர்ந்த முதல் வாரம், விடுதிச் சாப்பாட்டு அறையில் “அண்ணா, கொஞ்சம் வெள்ளம் தாங்க” என்று கேட்டேன். பரிமாறிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிடம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். மேசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதே மாதம், ஊரிலிருந்து அம்மா சக்கை கொடுத்துவிட்டிருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். கரும்பு பிழிந்த மிச்சத்தை எதற்கு இவ்வளவு தூரம் கொடுத்துவிட வேண்டும் என்று அறைத்தோழன் உண்மையாகவே குழம்பிப் போனான். பலாப்பழம் என்று தெரிந்த பிறகு அவன்தான் அதிகம் தின்றான், அது வேறு கதை. நமக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், அவர்களுக்கு ஊரை அடித்துக்கொண்டு போகிற தண்ணீர். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க எனக்குப் பெயரே ‘வெள்ளம்’தான்.

உங்கள் மகள் எழுதியிருப்பது குடிக்கிற வெள்ளம். உங்கள் கொழுந்தன் மகன் படித்தது மற்றது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை மிகவும் சாதாரணமானது. 1980இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், ஸ்டீவ் கலாச்சி என்ற ஓவியர் ஒரு படத்தை வைத்திருந்தார். பூனை முகம் கொண்ட ஒரு போர் வீராங்கனை. அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்த சிலர், மனிதர்களைப் போல நடந்து பேசுகிற விலங்குப் பாத்திரங்களைச் சிறுபிள்ளைத்தனமாக இல்லாமல், வளர்ந்தவர்களுக்கான கதைகளிலும் வரையலாமே என்று கூடினார்கள். கையெழுத்துப் பத்திரிகை மாதிரி நகல் எடுத்து, தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். அந்த வட்டத்துக்கு எண்பதுகளில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் ஃபர்ரி. 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் முதல் தனி மாநாடு நடந்தது. வந்தவர்கள் 65 பேர். நம்ம ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக்கூட அதைவிட அதிகம் வருவார்கள்.

ஆக, முதல் பொருள் ரசிகர். மனிதத்தன்மை கொண்ட விலங்குப் பாத்திரங்களின் ரசிகர், அவ்வளவுதான். பஞ்சதந்திரத்தில் வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த ஒற்றைச் சொல் அங்கேயே நிற்கவில்லை. ரசிகரும் ஃபர்ரி, அவர் வரைந்த நரியும் ஃபர்ரி. அந்த நரியைத் தனக்கான அடையாளமாக வைத்துக்கொண்டு, அதற்குப் பெயரும் நிறமும் குணமும் கொடுத்து, அந்தப் பெயரிலேயே இணையத்தில் பழகுகிறவரும் ஃபர்ரி. அந்தப் பாத்திரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபர்சோனா. அந்தப் பாத்திரத்தின் உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு மாநாட்டுக்குப் போகிறவரும் ஃபர்ரி. இந்த முழு உடை, அதாவது ஃபர்சூட், லேசான காரியம் இல்லை. கையால் செய்தது வாங்கினால் இரண்டு மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாது, உள்ளே அடுப்பு மாதிரிக் கொதிக்கும். குளச்சல் கடற்கரையில் மே மாதம் போட்டால் பத்தே நிமிடத்தில் ஆம்புலன்ஸ்தான். அதனால்தானோ என்னவோ, ஃபர்ரிகளிலேயே முழு உடை வைத்திருப்பவர்கள் சிறுபான்மைதான். இதைப் பற்றிப் பல வருடமாக ஆய்வு செய்யும் ஃபர்சயன்ஸ் என்ற சமூக உளவியல் ஆய்வுக் குழுவின் கணக்கெடுப்புகளும் அதையே சொல்கின்றன. ஆனால் பத்திரிகைக்காரருக்குப் படம் எடுக்கக் கிடைப்பது அந்த உடைதான். வீட்டில் உட்கார்ந்து நரி வரைகிற பிள்ளையை யார் போய்ப் படம் பிடிப்பார்கள்? ஆகவே வெளியே இருப்பவர்கள் மனதில் ஃபர்ரி என்றாலே உடை என்று ஆகிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வட்டத்தில் வயது வந்தவர்களுக்கான ஆபாசப் படங்களும் உண்டு. எந்தப் பெரிய ரசிகர் கூட்டத்திலும் இருப்பதுதான், இங்கே அதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவார்கள். அதை விரும்புகிறவர்களையும் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். பிறகு, மனதளவில் தான் ஒரு விலங்கு என்று உணர்கிற இன்னொரு சிறிய கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் வெளியே இருப்பவர்கள் அவர்களையும் இதே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

இந்த மாதிரி ஒரு சொல்லைக் கேட்கிறவர் அதில் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வார்? பெரும்பான்மை எதுவோ அதை இல்லை. எது அதிகம் திடுக்கிட வைக்கிறதோ அதை. மனித மனம் அப்படித்தான், நானும் அப்படித்தான். 2001 மார்ச்சில் வேனிட்டி ஃபேர் என்ற அமெரிக்க இதழில் இவர்களின் மாநாடு ஒன்றைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. வந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களில் விசித்திரமான சிலரைப் பற்றியே அதில் அதிகம் பேச்சு. 2003இல் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு துப்பறியும் தொடரில், ஃபர்ரி மாநாடு என்றால் உடை போட்டுக்கொண்டு காமக் கூத்தடிக்கும் இடம் என்று காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வருடங்கள், பத்திரிகையாளர் என்றாலே மாநாட்டு அமைப்பாளர்கள் கதவைச் சாத்தினார்கள். கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? உள்ளே ஏதோ நடக்கிறது என்று சந்தேகம் இன்னும் கூடும். அது ஒரு சுழல்.

அதன் மோசமான முகம் 2014 டிசம்பரில் தெரிந்தது. சிகாகோ அருகே ஒரு விடுதியில் மிட்வெஸ்ட் ஃபர்ஃபெஸ்ட் மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, நள்ளிரவுக்குப் பிறகு யாரோ படிக்கட்டில் குளோரின் வாயுவைப் பரவவிட்டார்கள். 19 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் குளிரில் வெளியேற்றப்பட்டார்கள். வேறு எந்தக் கூட்டத்தில் நடந்திருந்தாலும் இது பயங்கரச் செய்தி. ஆனால் இதை நேரலையில் வாசித்தபோது, ஃபர்ரி என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்தவர்கள் விளக்க, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்தே போய்விட்டார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயர்ச்சீட்டு அவருடைய காதுக்கும் செய்திக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது. 19 பேர் மூச்சுத் திணறினார்கள் என்பது அவருக்குக் கேட்கவே இல்லை.

சரி, இப்போது பூனை மண் கதைக்கு வருகிறேன். பூனை மண் என்றால், வீட்டுக்குள் வளர்க்கிற பூனை மலஜலம் கழிக்கத் தொட்டியில் போட்டு வைக்கிற மண். உங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்ததே அதுதானே.

2021 டிசம்பரில் அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்தில் மிட்லண்ட் என்ற ஊரின் பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, மாணவர்களில் சிலர் தங்களைப் பூனை என்று சொல்கிறார்களாம், அவர்களுக்காகக் கழிப்பறையில் மண் தொட்டி வைத்திருக்கிறார்களாம், கேள்விப்பட்டேன் என்றார். கவனியுங்கள், கேள்விப்பட்டேன். பார்த்தேன் என்று இல்லை. அந்தப் பேச்சின் காணொளி பரவியது. அடுத்த மாதமே பள்ளிகளின் தலைமை அதிகாரி, எங்கள் பள்ளிகளில் அப்படி எதுவும் எப்போதும் இருந்ததில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். யார் கேட்டார்கள்? 2022 தேர்தல் காலத்தில் 20 பேருக்குக் குறையாத அரசியல்வாதிகள் இதையே வெவ்வேறு ஊர்களின் பெயரைப் போட்டுச் சொன்னார்கள் என்று என்பிசி செய்தி நிறுவனம் எண்ணிக் காட்டியது. ஒரு பள்ளியில்கூட அப்படி ஒரு தொட்டி இருந்ததாக நிரூபணம் ஆகவில்லை.

இதில் என்னை உலுக்கிய ஒரு விவரம் உண்டு. கொலராடோ மாகாணத்தில் ஜெஃபர்சன் கவுண்டி (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) பள்ளிகளில் உண்மையாகவே பூனை மண் வைத்திருந்தார்கள், 2017 முதல். எதற்கு? துப்பாக்கிக்காரன் பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் பிள்ளைகளை வகுப்பறைக்குள் மணிக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டி வரும். அப்போது ஒரு பிள்ளைக்கு அவசரம் என்றால் ஒரு வாளி, கொஞ்சம் மண். 1999இல் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகள் செத்த கொலம்பைன் பள்ளி அந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. அந்த வாளி சொல்கிற கதை எவ்வளவு பெரியது. அதை விட்டுவிட்டு, பூனை வேஷம் போடுகிற பிள்ளையைப் பற்றி மேடையில் பேசுகிறார்கள், கைதட்டு வாங்குகிறார்கள்.

2025இல் டெக்ஸஸ் சட்டமன்றத்தில் இதற்காகவே ஒரு மசோதாவும் கொண்டுவந்தார்கள். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஃபர்ரீஸ் என்று வருகிற மாதிரிப் பெயர் வைத்திருந்தார்கள். இல்லாத ஒன்றுக்குத் தடை. பெயர் மட்டும் மிகப் பொருத்தம்.

மிஷிகனில் கிளம்பியது துபாய் வழியாக மார்த்தாண்டம் வந்து சேர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் அக்கா.

இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று நான் யோசித்ததுண்டு. நமக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்றால், குலசேகரன்பட்டினம் தசராவை நினைத்துப் பாருங்கள். நம்ம மாவட்டத்திலிருந்தும் எத்தனை பேர் போகிறார்கள். மாலை போட்டு, காப்புக் கட்டி, காளி வேஷம், குரங்கு வேஷம், கரடி வேஷம் என்று கட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் காணிக்கை வாங்குகிறார்கள். கரடி வேஷம் கட்டினவர் தன்னைக் கரடி என்று நம்புகிறார் என்று நீங்கள் நினைப்பீர்களா? நேரே போய் “அண்ணாச்சி, சாயா குடிக்கிறீங்களா” என்று கேட்போம், அவரும் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குடிப்பார். அதே சமயம், சுடலைமாடன் கொடையில் அருள் வந்து ஆடுகிற கோமரத்தாடியிடம் யாரும் அப்படிப் போய்ப் பேச மாட்டோம். அது வேறு. வேஷம் கட்டுதல் ஒன்று, அருள் வருதல் ஒன்று. இரண்டுக்கும் நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது, ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

ஆங்கிலத்தில் வெளியாட்கள் பயன்படுத்துகிற அந்த ஒற்றைச் சொல்லில் அந்த வித்தியாசம் தொலைந்துவிட்டது. வேஷம் கட்டினவரைப் பார்த்து அருள் வந்தவர் என்கிறார்கள். வேஷமே கட்டாமல் வரைகிற பிள்ளையையும் அப்படியே சொல்கிறார்கள்.

குலசை ஒப்பீட்டையும் ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. அது நேர்த்திக்கடன், இது பொழுதுபோக்கு. இந்திய ஃபர்ரி பையன்கள் சிலர் “நாம அனுமாரைக் கும்பிடலையா, பிள்ளையாரைக் கும்பிடலையா” என்று வாதம் செய்வார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்காது. சுசீந்திரத்தில் 18 அடி அனுமார் முன்னால் நிற்கிறவர் ரசிகராக நிற்கவில்லை. ஒரு குழப்பத்தைத் தீர்க்க இன்னொரு குழப்பத்தை உண்டாக்குவானேன்.

அருள் வந்தவர் என்றேனே, அவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தேரியன் என்பது அவர்கள் பெயர். விலங்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓநாய் மனிதர்கள் கதைகளைப் பேசிக்கொண்டிருந்த யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத மேடையின் ஒரு குழுவில் இந்தப் பேச்சு கிளம்பியது. என் உள்ளுணர்வில் ஓநாய்த்தன்மை இருக்கிறது என்று சொல்வார்கள். உடம்பு மனித உடம்பு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சிலர் ஃபர்ரி வட்டத்திலும் இருப்பார்கள், பலர் “எங்களை அவர்களோடு சேர்க்காதீர்கள், நாங்கள் விளையாடவில்லை” என்று கோபித்துக்கொள்வார்கள். தான் விலங்காகவே மாறிவிட்டதாக நம்புகிற மருத்துவ நிலை ஒன்று உண்மையில் உண்டு, மனநல மருத்துவத்தில் கிளினிகல் லைகாந்த்ரபி என்பார்கள், மிக மிக அரிது. உங்கள் கொழுந்தன் மகன் ‘மனநோய்’ என்றது இதை எங்கோ படித்துவிட்டு இருக்கலாம். அதற்கும் தேரியனுக்கும் தொடர்பு இல்லை, நரிக்குச் சட்டை வரைவதற்குத் துளியும் தொடர்பு இல்லை.

இதில் இன்னொரு கிளை, நாலு காலில் ஓடுகிற விளையாட்டு. ஜப்பானில் கெனிச்சி இட்டோ என்பவர் 2008இல் கையும் காலும் ஊன்றி நூறு மீட்டரை 18.58 வினாடியில் ஓடிக் கின்னஸ் சாதனை செய்தார். அது உடற்பயிற்சி. பிள்ளைகள் அதைப் பூனை முகமூடி போட்டுக்கொண்டு செய்யப் போய், 2024இல் ரஷ்யாவில் பெரிய பீதியாகி, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரை தடை கேட்டார்கள். அங்கேயும் இதே கதைதான். விளையாட்டு, ரசனை, உள்ளுணர்வு மூன்றையும் ஒரே பெயரில் கட்டி, மூன்றில் எது பயமுறுத்துகிறதோ அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாம் மட்டும் யோக்கியமா? ‘கிரிக்கெட் பைத்தியம்’ என்று நம் பிள்ளையையே சொல்வோம், யாரும் மருத்துவரிடம் ஓடுவதில்லை. ‘வெறியன்’ என்று ஃப்ளெக்ஸ் போர்டில் பெருமையாக அடித்துப் போடுகிறார்கள், அதன் கீழே பத்துப் பேருடைய படம். அந்தப் போர்டை ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு படித்தால் நாகர்கோவிலை விட்டே ஓடிவிடுவார். சொந்தச் சொல்லின் சூடு எவ்வளவு என்று நமக்குத் தெரியும், அடுத்தவர் சொல் என்றால் அகராதிப் பொருளைப் பிடித்துத் தொங்குகிறோம்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு நம்ம மாவட்டத்தில் ஒரு சிறிய பள்ளியில் மழலையர் வகுப்புச் சுவருக்கு ஓவியம் கேட்டார்கள். சிலேட்டு பிடித்த முயல், குடை பிடித்த கரடி, வாத்தியார் கண்ணாடி போட்ட நாய் என்று மாதிரி வரைந்து கொடுத்தேன். அவ்வளவு பிடித்துப்போனது அவர்களுக்கு. அந்த நாயைப் பார்த்து ஒரு டீச்சர், எங்க பழைய ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்கு என்று சிரித்தார்கள். முன்பணமும் கைக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து யாரோ என் பக்கத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஃபர்ரி ஓவியங்கள் வரைந்து தரப்படும் என்று போட்டிருந்தேன். அந்தச் சொல்லைத் தேடியிருக்கிறார்கள். போன் வந்தது: “தம்பி, பிள்ளைங்க பாக்குற இடம் பாத்துக்கோங்க. வேற மாதிரி யோசிக்கிறோம்.” முயல் அதே முயல்தான். குடையும் அதே குடை. சொல் மட்டும்தான் நடுவில் வந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்தேன். சுவரில் கால்சட்டை போட்ட எலியும் தொப்பி போட்ட வாத்தும் நின்றன. வாத்துக்குக் கால்சட்டையே கிடையாது என்பதை நான் யாரிடமும் சொல்லப் போகவில்லை.

அப்படியானால் அந்தச் சொல்லையே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். அவர்களும் முயற்சி செய்தார்கள். ‘ஆந்த்ரோ’, அதாவது மனிதத்தன்மை கொண்டது, என்று கௌரவமாகச் சொல்லிப் பார்த்தார்கள்; உலகத்தின் மிகப் பெரிய மாநாடுகளில் ஒன்றின் பெயரே ஆந்த்ரோகான். பெயரில் ஃபர்ரி இல்லை, ஆனால் மறுநாள் செய்தித் தலைப்பில் ஃபர்ரிதான் இருக்கும். 1998 வாக்கில் ‘பர்ன்ட் ஃபர்’ என்ற பெயரில் ஒரு கூட்டம், எங்கள் பெயரைக் கெடுப்பவர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்று கிளம்பியது. யார் நல்ல ஃபர்ரி, யார் கெட்ட ஃபர்ரி என்று அவர்களுக்குள்ளேயே அடிபிடி ஆனதுதான் மிச்சம், சில வருடத்தில் கலைந்துவிட்டது. வெளியே அனுப்ப யாருக்கு அதிகாரம்? கோயில் கொடைக்கு வரி கொடுத்தவர் யார் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லலாம். இங்கே நோட்டு கிடையாது. நான் ஃபர்ரி என்று யார் சொல்கிறாரோ அவர் ஃபர்ரி. ஆய்வுக்காரர்களே அப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. அந்தச் சொல் இப்படித் தெளிவில்லாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வந்த கேடு, அவர்கள் வளர்ந்ததற்கும் அதுதான் காரணம். உள்ளே வர ஒரு தகுதியும் வேண்டாம். உடை வேண்டாம், வரையத் தெரிய வேண்டாம். பள்ளியில் யாரோடும் ஒட்டாத ஒரு பிள்ளை, ஒரு நரிப் படத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்காரலாம். ஓரினச் சேர்க்கையாளர்கள், திருநர்கள் மற்ற இடங்களைவிட இங்கே அதிகம் இருப்பதற்கும் அந்தத் திறந்த கதவு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்; அதையே பிடித்துக்கொண்டு அடிப்பவர்களும் உண்டு. கதவு திறந்திருந்தால் வெயிலும் வரும், கோழியும் வரும்.

ஜப்பானில் ‘ஒட்டாக்கு’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுதான். 1983இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் கேலியாக வந்த பெயர். 1989இல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டு, அவன் அறையில் காமிக்ஸும் வீடியோ கேசட்டும் குவிந்து கிடந்ததைக் காட்டியதும், காமிக்ஸ் படிக்கிற பிள்ளை எல்லாம் சந்தேகத்துக்கு ஆளானது. இன்று அதே சொல்லை உலகம் முழுக்கப் பிள்ளைகள் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். சொல் மாறவில்லை, பார்த்த கண்கள் மாறின.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைப் பாருங்கள். 2006 முதல் ஆந்த்ரோகான் அந்த ஊரில்தான் நடக்கிறது. 2024இல் வந்தவர்கள் 17,000க்கும் மேல். ஓட்டல்காரர்கள் வாசலில் வரவேற்புப் பலகை வைக்கிறார்கள், ஊர்வலம் பார்க்க அப்பா அம்மாக்கள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த ஊர்க்காரரிடம் போய்ப் பூனை மண் கதை சொன்னால் எடுபடாது. வருடா வருடம் நேரில் பார்த்து, பில் போட்டு, சில்லறை கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பணம் வரும்போது என்ன வேலை என்று வங்கியில் கேட்டால் ‘கிராஃபிக் டிசைன்’ என்று எழுதுவேன். பெண் பார்க்கப் போன வீட்டில் ‘கார்ட்டூன் வரைகிறேன்’ என்றேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் என் மனைவிக்கு முழுக்கதை தெரியும். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “ஒரு நரிக்கு இவ்வளவு ரூவாயா?” ஆகவே உங்கள் மகள் அந்தச் சொல்லைப் பயப்படாமல் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி சகவாசம். மகளிடம் “நீ ஃபர்ரியா” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவள் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. “நீ அந்த வார்த்தையை எதுக்குப் போட்டிருக்க மக்கா” என்று கேளுங்கள். படம் வரைகிறேன், அந்த வார்த்தையைப் போட்டால்தான் அந்தப் படம் பிடிக்கிறவர்கள் தேடி வருவார்கள் என்று சொல்வாள் என்றே நினைக்கிறேன். அதுதான் உண்மையும். இணையத்தில் பெயர்ச்சீட்டு இல்லாமல் கடை போட முடியாது.

அப்புறம், அவளுக்கு 18 ஆகும்வரை வயது வந்தோர் பகுதி அவளுக்கு இல்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்த ஓவியத் தளங்களில் அதற்கென்று வடிகட்டி இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் யாரோடு பேசுகிறாள், வயதில் மூத்தவர்கள் தனியாகப் பேசக் கூப்பிடுகிறார்களா என்பது முக்கியம். சொந்தப் புகைப்படம், பள்ளியின் பெயர், ஊர் எதுவும் வெளியே போகக் கூடாது. பணம் வாங்கிப் படம் வரைய ஆரம்பித்தால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். இதெல்லாம் ஃபர்ரி என்பதற்காக இல்லை. நடனக் காணொளி போடுகிற பிள்ளைக்கும் இதையேதான் சொல்வேன். கவுன்சிலிங் கூட்டிக்கொண்டு போகலாமா என்ற யோசனை வீட்டில் யாருக்காவது வந்தால், அவள் சரியாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, பேசுகிறாளா என்று பாருங்கள். அதில் ஏதாவது குறை இருந்தால் போங்கள். ஓநாய்க்குக் கண்ணாடி மாட்டியதற்காகப் போக வேண்டாம்.

கொழுந்தன் மகனுக்குக் குழுவில் பதில் எழுதிச் சண்டை போட வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, அந்தத் தொட்டி எந்தப் பள்ளியில் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். தேடிப் பார்க்கட்டும், அவனுக்கும் நேரம் போகும்.

நீங்கள் கேள்வியோடு அனுப்பியிருந்த படத்தையும் பார்த்தேன். கோடு நல்ல கோடு, வயதுக்கு மீறிய கை. நரி விரல் நுனியில் நடக்கிற பிராணி. பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கின மாதிரித் தெரிவது முழங்கால் இல்லை, குதிகால். உங்கள் மகள் இடது காலில் அந்தக் குதிகாலைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டாள், அதனால்தான் நரி நொண்டுகிற மாதிரி இருக்கிறது. அதை மட்டும் ஒரு விரல்கடை மேலே ஏற்றச் சொல்லுங்கள்.